வீட்டு விடுதிகளும் நகரச் சட்டமும்

வீடு என்பது குடும்பம் வாழும் இடம். விடுதி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை பார்வைக்குத் தெளிவாகத் தோன்றினும், நகரங்களை ஆண்டோர் எவரும் அதனை எளிதில் வரையறுத்தாரல்லர். ஒருவர் தம் வீட்டின் ஓர் அறையை அயலூரார் ஒருவருக்கு நான்கு நாட்களுக்குப் பணம் பெற்றுக்கொண்டு கொடுப்பாராயின், அவ்வீடு வீடாகவே இருக்கின்றதா, அன்றி விடுதியாகிவிடுகின்றதா? விடுதியாகிவிடுகின்றதெனின் அதனை நகரம் எவ்வாறு அறிந்துகொள்ளும்? அறிந்த பின்னர் எவ்வாறு கட்டுப்படுத்தும்? இக்கேள்விகள் இணையத்தளங்களின் வரவினாற் பிறந்தவை எனப் பலர் எண்ணுவர். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போருக்கு அவை மிகப் பழைய கேள்விகள் என்பது புலனாகும்.

பணம் பெறாது விருந்தோம்புவதை அறமெனப் போற்றிய பாரத நாட்டிலேயே, வீட்டுக்கு வரும் அந்நியரைக் குறித்து அரசு விழிப்பாயிருந்தமைக்குச் சான்று உண்டு. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் நகர அதிகாரியின் கடமைகளைக் கூறும் பகுதியிலே, தம் வீட்டுக்கு வருவோரையும் வீட்டினின்றும் போவோரையும் குறித்து வீட்டுக்காரர் அறிவித்தல் வேண்டும் என்ற விதி காணப்படுகின்றது. அறிவியாதவர், அவ்விரவில் நிகழும் குற்றத்துக்குத் தாமும் பொறுப்பாளியாவார். குற்றம் ஏதும் நிகழாது இரவு அமைதியாகக் கழியினும், அறிவியாமைக்காக மூன்று பணம் தண்டம் இறுத்தல் வேண்டும். அந்நியர் தங்குவதை அவ்விதி தடுக்கவில்லை. அவர் தங்குவது அரசுக்குத் தெரியாதிருப்பதையே தடுத்தது.

இதே எண்ணம் பல நூற்றாண்டுகளின் பின் ஐரோப்பாவிலும் சட்டவடிவு பெற்றிருந்தது. நெப்போலியன் காலத்தில், 1810ஆம் ஆண்டில், பிரான்சு நாடு வகுத்த தண்டனைச் சட்டக்கோவை, சத்திரம் நடத்துவோரும் தளபாடமிட்ட அறைகளை வாடகைக்கு விடுவோரும் ஒரு பதிவேடு வைத்திருத்தல் வேண்டும் என விதித்தது. தங்குவோரின் பெயர், தகுதி, வழக்கமான வதிவிடம், வந்த நாள், சென்ற நாள் ஆகியன இடையில் வெற்றிடம் எதுவும் விடாது உடனுக்குடன் அதில் எழுதப்படல் வேண்டும். தவறினோர் தண்டத்துக்கு உள்ளாயினர். இவ்விரு சட்டங்களும் நாடிய பொருள் ஒன்றே. அஃது அரசின் பாதுகாப்பு. விருந்தினர் நலமோ, அயலார் நலமோ அவற்றின் முதன்மையான நோக்கங்கள் அல்ல.

நோக்கம் மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலேயாம். தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்கு வந்து குவிந்த ஏழை மக்கள், ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே அறையிற் படுத்துறங்கும் மலிவான விடுதிகளில் இரவைக் கழித்தனர். காற்றும் ஒளியும் புகாத அவ்வறைகளிலிருந்து காய்ச்சலும் பேதியும் நகரெங்கும் பரவின. பின்னர் சாவ்ட்ஸ்பரிப் பிரபு எனப் புகழ்பெற்ற அசிலி பிரபுவின் முயற்சியால் 1851ஆம் ஆண்டிற் பொது விடுதிகள் சட்டம் நிறைவேறிற்று. விடுதி நடத்துவோர் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும். அதிகாரிகள் உள்ளே புகுந்து பரிசோதிக்க இடமளித்தல் வேண்டும். இலண்டனில் இப்பணி பெருநகரப் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வந்த 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், ஆண்டுதோறும் ஏப்பிரல், ஒக்டோபர் மாதங்களின் முதல் வாரத்திற் சுவர்களுக்கும் மேற்றளத்துக்கும் சுண்ணாம்பு பூசவேண்டும் என்றும், அதிகாரிகள் எழுத்திற் கேட்பின், பதிவு பெற்ற பொது விடுதி என்ற அறிவிப்பை வெளிப்புறத்திற் பலரும் காணத் தொங்கவிடல் வேண்டும் என்றும் விதித்தது. பதிவேடு, பரிசோதகர், வாயிற் பலகை ஆகிய மூன்று கருவிகளைக் கொண்டு அக்காலச் சட்டம் நடந்தது. இன்றைய நகரங்கள் கையாளும் முறைகளும் இம்மூன்றின் வேறு வடிவங்களே என்பது மேலே கூறப்படுவனவற்றால் விளங்கும்.

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்த நியூயோர்க் நகரமும் இதே நெருக்கடியைக் கண்டது. கப்பல் கப்பலாக வந்திறங்கிய குடியேற்றவாசிகள் நெருக்கமான அடுக்கு வீடுகளில் வாழ்ந்தனர். வாடகையைக் கட்ட இயலாத குடும்பங்கள், தம் குறுகிய இருப்பிடத்திலேயே வேறு சிலருக்குப் படுக்கை இடம் கொடுத்து அப்பணத்தைக்கொண்டு வாழ்ந்தன. யேக்கப் றீசு என்னும் பத்திரிகையாளர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அவ்வாழ்க்கையின் அவலத்தை நாடறியச் செய்தது. 1901ஆம் ஆண்டின் அடுக்கு வீடுகள் சட்டம் காற்று, வெளிச்சம், மலசலகூடம், தீத்தப்பும் வழி ஆகியவற்றைக் கட்டாயமாக்கிற்று. அதனைத் தொடர்ந்து 1929ஆம் ஆண்டிற் பலகுடி வதிவிடச் சட்டம் பிறந்தது. நிரந்தரமாக வாழ்வோருக்கான கட்டடங்கள் முதல் வகுப்பு. தற்காலிகமாகத் தங்குவோருக்கானவை இரண்டாம் வகுப்பு. சில நாட்களே தங்கும் ஒருவர் படிக்கட்டு எங்கே, வெளிவாயில் எங்கே என்று அறியாதவர். தீப்பிடிக்குமாயின் இருளில் வழிதேடித் தடுமாறுவார். ஆதலின் இரண்டாம் வகுப்புக்குத் தீக்காப்பு விதிகள் கடுமையாயின. இவ்வகுப்புப் பிரிவு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளின் பின் பெரும் போருக்குக் களமாகும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயோர்க் நகரிற் சில கட்டட உரிமையாளர் நிரந்தரக் குடிகளுக்குரிய அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு நாளடிப்படையில் வாடகைக்கு விடத் தலைப்பட்டனர். மாதவாடகையிலும் நாள்வாடகை பன்மடங்கு இலாபம் தந்தமையே காரணம். நகரம் நீதிமன்றத்தை நாடியது. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் தெளிவற்றன என்றும், கட்டடம் பெரும்பான்மையும் நிரந்தரக் குடியிருப்பாக இருக்குமாயின் ஏனைய அறைகளைக் குறித்து வேறு பொருள்கொள்ள இடமுண்டு என்றும் 2009ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கருதிற்று. நகரம் தோற்றது. ஒரு சொல்லின் தளர்ச்சியால் ஒரு சட்டமே தளர்ந்து வீழ்ந்தது.

தோல்வியுற்ற இடத்திலேயே திருத்தம் பிறந்தது. மாநில மூதவை உறுப்பினர் லிஸ் குரூகர் முன்னின்று நடத்திய திருத்தச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு யூலையில் ஆளுநர் டேவிட் பற்றேர்சன் ஒப்பமிட்டார். அது 2011ஆம் ஆண்டு மே முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. முதல் வகுப்புக் கட்டடத்தில் ஒருவர் தொடர்ந்து 30 நாட்களுக்குக் குறையாது வாழ்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆயின் நிரந்தரக் குடியிருப்பாளர் தாமும் அவ்வீட்டிலே வாழ்ந்துகொண்டு ஒரு விருந்தினரைத் தம்முடன் வைத்துக்கொள்வது குற்றமாகாது. வீட்டைப் பகிர்ந்துகொள்வது வேறு, வீட்டைக் காலிசெய்து விற்பனைப் பொருளாக்குவது வேறு என்ற வேறுபாட்டைச் சட்டம் அன்றே கண்டுகொண்டது. இவ்வரலாறு முழுவதற்கும் அடிப்படையாயுள்ள வேறுபாடு இதுவேயாம்.

இத்திருத்தம் உருவாகிவந்த வேளையிலேதான் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு புதிய வணிகமுறை வளரத் தொடங்கியிருந்தது. 2007ஆம் ஆண்டில் ஒரு மாநாட்டுக்கு வந்தோருக்குத் தம் அறையிற் காற்றடைத்த மெத்தைகளை வாடகைக்கு விட்ட இளைஞர் சிலர், அடுத்த ஆண்டில் அதனை ஓர் இணையத்தளமாக்கினர். எயார்பிஎன்பி என்று உலகறிந்த நிறுவனம் அதுவே. முன்னர் ஒரு வீட்டுக்காரர் விருந்தினரைத் தேடுவதாயின் வாயிலிற் பலகை தொங்கவிடல் வேண்டும், அன்றேல் பத்திரிகையில் விளம்பரம் இடல் வேண்டும். இரண்டும் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பா. புதிய முறையிலோ விளம்பரம் உலகமெல்லாம் தெரிந்தது. வீட்டின் இலக்கமோ எவருக்கும் தெரியவில்லை. பணம் செலுத்திய பின்னரே விருந்தினருக்கு முகவரி கொடுக்கப்பட்டது. பார்க்கக்கூடிய இடத்தில் நின்றுகொண்டே மறைந்திருக்கும் விந்தை இவ்வாறு கைகூடிற்று.

இந்நிலையில் நியூயோர்க்கின் சட்டத்தை நடத்திவைக்கும் பணி சிறப்பு அமுலாக்க அலுவலகத்தின் மீது விழுந்தது. கட்டடப் பரிசோதகர், தீயணைப்புப் படையினர், பொலிசார் முதலியோர் அடங்கிய குழுக்கள், அயலாரின் முறைப்பாடு கிடைத்த இடங்களுக்குச் சென்று கதவைத் தட்டின. கதவு திறந்தாலன்றி உள்ளே நடப்பதை அறிய வழியில்லை. திறந்த பயணியோ, தாம் வீட்டுக்காரரின் நண்பர் என்று கூறிவிடலாம். முறைப்பாடு இல்லாத வீடுகளின் பக்கம் பரிசோதகர் செல்வதுமில்லை. இவ்வாறு நடந்த சட்டம், மிகுதியாகப் பிழைசெய்தவரைப் பிடியாது, அயலாரின் மனக்கசப்புக்கு ஆளானவரையே பெரும்பாலும் பிடித்தது.

அக்காலத்து வழக்கு ஒன்று இதனை நன்கு விளக்கும். வெளியூர் சென்ற ஒருவர் தம் அறையை மூன்று இரவுகளுக்கு விட்டார். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் 2,400 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆயின் அவ்வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்த மற்றொருவர் அந்நாட்களில் வீட்டிலேயே இருந்தமையால் அது குற்றமன்று என மேன்முறையீட்டுச் சபை அதே ஆண்டு செப்டெம்பரிற் தீர்ப்பளித்தது. மூன்று இரவுக் கணக்கைத் தீர்ப்பதற்கு இத்தனை மாதங்கள் சென்றனவெனின், பல்லாயிரம் வீடுகளின் கணக்கை நகரம் எங்ஙனம் தீர்க்கும்?

ஒவ்வொரு கதவாகத் தட்டுவதால் உண்மை வெளிவராது என்பதை உணர்ந்த மாநிலச் சட்டமா அதிபர் எரிக் சினைடர்மன், அந்நிறுவனத்தின் ஏட்டையே கேட்டார். முதற் கட்டளை அளவுக்கு மிஞ்சியதென்று 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் நீதிமன்றம் தள்ளிற்று. திருத்திய கட்டளையின் பேரிற் பெயர்கள் நீக்கப்பட்ட தரவுகள் கிடைத்தன. அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியான அறிக்கை, 2010ஆம் ஆண்டு தொடக்கம் 2014ஆம் ஆண்டு யூன் தொடக்கம் வரையிலான முன்பதிவுகளை ஆராய்ந்து, வாடகைக்கு விடப்பட்ட இடங்களில் 72 சதவீதம் சட்டத்துக்கு முரணானவையாகத் தோன்றின எனக் கூறிற்று. அதனினும் முக்கியமான செய்தி வேறொன்று. வாடகைக்கு விட்டோரில் 6 சதவீதத்தினரே பல இடங்களை வணிகமாக நடத்தினர்; ஆயின் மொத்த வருவாயில் 37 சதவீதம், அதாவது 16 கோடியே 80 இலட்சம் டொலர், அவர்களிடமே சென்றது. வீட்டின் ஓர் அறையைப் பகிர்ந்து கொள்ளும் எளியோர் என்ற திரைக்குப் பின்னால், வீடுகளையே தொகையாகப் பிடித்து வணிகம் செய்வோர் இருந்தனர் என்பது இவ்வாறு வெளியாயிற்று.

அடுத்து 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில், இத்தகைய வாடகையை விளம்பரம் செய்வதே குற்றமென மாநிலம் சட்டமியற்றியது. முதன்முறைக்கு 1,000 டொலர், இரண்டாம் முறைக்கு 5,000, மூன்றாம் முறை முதல் 7,500 எனத் தண்டம் வகுக்கப்பட்டது. நிறுவனம் வழக்காடியது. தண்டத்தை நிறுவனத்தின் மீதன்றி வீட்டுக்காரர் மீதே விதிப்பதாக அவ்வாண்டு டிசெம்பரில் நகரம் இணங்கிற்று. இடைத்தரகர் தப்பினார், சுமை மறுபடியும் தனியாட்களின் தலைமீது ஏறிற்று.

இடைத்தரகரைப் பொறுப்பாளியாக்குவது இயலுமா என்ற வினாவுக்கு விடை வேறொரு கரையிற் கிடைத்தது. அவ்வணிகம் பிறந்த சான் பிரான்சிஸ்கோவிலே, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் நகரசபை அதனைச் சட்டபூர்வமாக்கி, அதற்குக் கைமாறாக வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் நகரிடம் பதிவு செய்தல் வேண்டும் என விதித்தது. வீட்டுக்காரர் இல்லாத வேளையில் வாடகைக்கு விடுவதற்கு ஆண்டுக்கு 90 இரவுகள் எல்லையாயின. 2015ஆம் ஆண்டு பெப்புருவரியிற் சட்டம் தொடங்கிற்று; பெரும்பாலானோர் பதிவு செய்ய முன்வரவேயில்லை. பதிவு செய்யாதவரின் விளம்பரமும் பதிவு செய்தவரின் விளம்பரமும் அருகருகே கிடந்தன. இதனைக் கண்ட நகரம் 2016ஆம் ஆண்டில் விதியைத் திருப்பியமைத்தது. பதிவில்லாத வீட்டுக்கு முன்பதிவு செய்து கட்டணம் பெறும் தளமே தண்டிக்கப்படும் என்றது. பிறர் எழுதும் விளம்பரத்துக்குத் தளம் பொறுப்பாகாது என்ற கூட்டாட்சிச் சட்டத்தைக் காட்டி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. விளம்பரத்தை வெளியிடுவது வேறு, கட்டணம் பெற்று வாடகையை முடித்துவைப்பது வேறு என்று கண்ட நீதிமன்றம், நவம்பர் மாதத்தில் தடையுத்தரவு வழங்க மறுத்தது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 2018ஆம் ஆண்டு சனவரியிற் பதிவற்ற வீடுகள் நீக்கப்பட்டபோது, அந்நகரின் விளம்பரங்களில் ஏறக்குறைய பாதி மறைந்துபோயின.

சாந்த மொனிக்கா நகரின் இதையொத்த சட்டத்தை 2019ஆம் ஆண்டு மார்ச்சில் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பேச்சைத் தண்டிப்பதாகாது, வணிகத்தைத் தண்டிப்பதே இச்சட்டம் என்ற கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

கதவைத் தட்டுவதால் முடியாததைக் கட்டணம் செல்லும் வழியை அடைப்பதால் முடிக்கலாம் என்ற பாடத்தை நியூயோர்க்கும் கற்றது. ஆயின் உடனே அன்று. 2018ஆம் ஆண்டிற் தளங்கள் ஒவ்வொரு மாதமும் வீட்டுக்காரரின் பெயர், முகவரி, வருவாய் விபரங்களை நகருக்குக் கொடுத்தல் வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நியாயமற்ற தேடுதலினின்றும் மக்களைக் காக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு அது முரணாகத் தோன்றுவதாகக் கூறி, 2019ஆம் ஆண்டு சனவரியில் நீதிபதி போல் எங்கல்மாயர் அதனைத் தடுத்தார். ஐயத்துக்கு இடமில்லாதவரின் ஏட்டையும் சேர்த்து மொத்தமாக வாரி எடுப்பது ஆகாது என்பதே இத்தீர்ப்பின் உட்பொருள். 2020ஆம் ஆண்டிற் சமரசம் உண்டாகி, மாதந்தோறும் என்பது காலாண்டுக்கு ஒருமுறை என்றாகியது. சட்டத்தின் எல்லையும் சுருக்கப்பட்டது. வீட்டின் அந்தரங்கம் என்பது வெறும் சாக்கன்று, மதிக்கத்தக்க உரிமையே என்பதை இவ்வழக்கு நினைவூட்டிற்று.

இறுதியாக 2022ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் வந்தது. இதன் அமைப்பு எளிமையானது. 30 நாட்களுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டை விட விரும்புவோர் 145 டொலர் கட்டணம் செலுத்தி நகரிடம் பதிவெண் பெறுதல் வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேற்படல் ஆகாது. வீட்டுக்காரர் உடன் வாழ்தல் வேண்டும். உள்ளறைகளைப் பூட்டி விருந்தினரைத் தனிப்படுத்தல் ஆகாது. தளங்கள் ஒவ்வொரு முன்பதிவையும் முடிக்குமுன் அப்பதிவெண்ணை நகரின் கணினியில் ஒப்புநோக்குதல் வேண்டும். வாடகைக் கட்டடத்தின் உரிமையாளர் தம் கட்டடத்தைத் தடைப்பட்டியலிற் சேர்க்கும்படி கேட்கலாம். தங்க வந்த விருந்தினர் மீது தண்டம் இல்லை. எயார்பிஎன்பி தொடுத்த வழக்கை 2023ஆம் ஆண்டு ஓகத்தில் நீதிபதி ஆர்லீன் புளூத் தள்ளினார். செப்டெம்பர் 5ஆந் திகதி சட்டம் நடத்தப்படலாயிற்று. அதன்பின் அந்நகரின் குறுங்கால வாடகை விளம்பரங்களிற் பெரும்பகுதி மறைந்தது. பல வீடுகள் 30 நாட்களுக்கு மேற்பட்ட வாடகைக்கு மாறின. பரிசோதகர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கதவைத் தட்டிச் சாதிக்காததை ஒரு பதிவெண் சில வாரங்களிற் சாதித்துவிட்டது.

இப்போராட்டம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியத் தலைநகர்கள் இரண்டை ஒப்புநோக்கின், பதிவேட்டின் பயன் மேலும் தெளிவாகும்.

பாரிஸ் மாநகரிலே குடியிருப்பு வீட்டை வேறு தேவைக்கு மாற்றுவதற்கு நகரின் அனுமதி வேண்டும். அதற்கு ஈடாக வணிகத்துக்குரிய இடம் ஒன்றைக் குடியிருப்பாக மாற்றிக் காட்டவேண்டும் என்ற கடுமையான விதியும் உண்டு. தாம் வாழும் முதன்மை வீட்டையோ ஆண்டுக்கு 120 நாட்கள் வரை விடலாம் என்றிருந்தது. 2015ஆம் ஆண்டளவில் மரே முதலிய பழைய பகுதிகளில் அலுவலர் கட்டடம் கட்டடமாகச் சென்று பரிசோதித்தனர். அது போதாமையால் 2017ஆம் ஆண்டு டிசெம்பர் முதல் ஒவ்வொரு விளம்பரத்திலும் பதிவெண் காட்டல் கட்டாயமாயிற்று. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நெடுங்கால வாடகை வீடுகளின் பற்றாக்குறையைப் போக்குவது பொதுநலன் சார்ந்த நியாயமான நோக்கமே என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு யூலையில், பதிவெண் இல்லாத 1,010 விளம்பரங்களுக்காக எயார்பிஎன்பி மீது 80 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட தண்டம் விழுந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 120 நாட்களை 90 ஆகக் குறைக்கும் அதிகாரத்தை நகரசபைகளுக்கு அளித்தது.

இலண்டனின் கதை வேறு. அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொடர்ச்சியாக 90 இரவுகளுக்குக் குறைந்த தற்காலிகத் தங்கலுக்கு வீட்டைப் பயன்படுத்துவதைப் பயன்பாட்டு மாற்றமெனக் கொண்டு, அதற்குத் திட்ட அனுமதி வேண்டுமென விதித்திருந்தது. 2015ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இதனைத் தளர்த்தி, ஆண்டுக்கு 90 இரவுகள் வரை அனுமதியின்றியே விடலாம் என்றது. ஆயின் இரவுகளை எண்ணுவார் யார்? பதிவேடு ஏற்படுத்தப்படவில்லை. 91ஆவது இரவு வந்துவிட்டதென்று நிறுவும் சுமை உள்ளூர்ச் சபையையே சார்ந்தது. 2017ஆம் ஆண்டு முதல் எயார்பிஎன்பி தானாகவே 90 இரவுகளுக்கு எல்லையிட்டது. ஒரு தளத்தில் 90 இரவுகளை முடித்தவர் இன்னொரு தளத்துக்குச் செல்வதைத் தடுப்பாரில்லை. 1851ஆம் ஆண்டிலேயே விடுதிகளைப் பதிந்து வைத்த நாடு, இணையத்தளக் காலத்திற் பதிவேடின்றித் திகைத்தது. இறுதியில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், இங்கிலாந்து முழுவதற்குமான பதிவுமுறை ஒன்றை ஏற்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் பதிவெண்ணையும் தரவுப் பகிர்வையும் ஒழுங்குசெய்யும் விதியை 2024ஆம் ஆண்டில் இயற்றி, 2026ஆம் ஆண்டு மே 20ஆந் திகதி முதல் பொருந்துமாறு வகுத்தது.

இவ்வாறு ஆராயுமிடத்து, பதிவேடும் பொறுப்புள்ள இடைத்தரகரும் இல்லாத சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும் என்பது பெறப்படுகின்றது. ஆயின் சட்டம் நடக்கின்றது என்பதனாலேயே நீதி நடக்கின்றது எனக் கொள்ளலாகாது. நியூயோர்க்கிற் 2023ஆம் ஆண்டின் பின் பயணிகளின் வீட்டு விடுதிகள் குறைந்தனவேயன்றி, குடியிருப்போர் கட்டும் வாடகை உயர்ந்தே நின்றது. வீட்டுப் பற்றாக்குறைக்குக் காரணங்கள் பல. புதிய வீடுகள் போதிய அளவு கட்டப்படாமை அவற்றுள் முதன்மையானது. ஒரு காரணத்தை அகற்றியமட்டில் நோய் தீர்ந்துவிடாது. அன்றியும் விருந்தினர் வாடகையைக்கொண்டு வீட்டுக்கடனை அடைத்துவந்த சிறு வீட்டுக்காரர் பலர், தொகையாக வீடுகளை நடத்திய வணிகரோடு ஒரே வலையில் அகப்பட்டனர். ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பங்கள் வாழும் சிறு வீடுகளின் உரிமையாளர் இதனை எடுத்துக்காட்டி முறையிட்டனர். அத்தகையோருக்கு விதியைத் தளர்த்தும் மசோதா ஒன்று 2024ஆம் ஆண்டில் நகரசபையில் முன்வைக்கப்பட்டது. குடியிருப்போர் சங்கங்களும் விடுதித் தொழிலாளரும் அதனை எதிர்த்தனர். சிறியோருக்குத் திறக்கும் கதவினூடே பெரியோரும் நுழைவர் என்பது அவர்களின் அச்சம்.

இரு பக்கத்தாரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுத்து அவ்வருவாயாற் தம் வீட்டை இழக்காது காப்பவர், நகரத்தின் குடிமகனே. தாம் பல்லாண்டு வாழ்ந்த வீட்டினின்றும், நாள்வாடகை மிகுதியென்ற காரணத்தால் வெளியேற்றப்பட்டவரும் நகரத்தின் குடிமகனே. முன்னவரின் கதவைத் தட்டும்போது சட்டம் தயங்கவேண்டும். பின்னவரின் முறைப்பாட்டைக் கேட்கும்போது சட்டம் தாமதிக்கலாகாது. இருவரையும் வேறுபடுத்தி அறிவதற்குப் பதிவேடு வேண்டும். அதே பதிவேடு தேவைக்கு மிஞ்சி வீட்டினுள்ளே எட்டிப் பார்க்கும் கருவியாகாதிருக்க, அதில் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்ற வரம்பும் வேண்டும்.

கௌடிலியரின் காலத்து நகர அதிகாரி அந்நியரைக் கண்டு அஞ்சினார். விக்டோரியா காலத்துப் பரிசோதகர் நோயைக் கண்டு அஞ்சினார். இக்கால நகரங்களோ தம் மக்களுக்கே குடியிருக்க இடமில்லாது போய்விடுமோ என அஞ்சுகின்றன. அச்சம் மாறினும், ஏட்டைத் திறந்து பெயரை எழுதும் முறை மாறவில்லை. வருவோருக்கு இடமளித்தல் நகரத்தின் பெருமை. வாழ்வோருக்கு இடமளித்தல் அதன் கடமை. கடமைக்கு இடையூறு நேராதவாறு பெருமையைக் காப்பதற்கு, எழுதிய விதியும் அதனை நடத்தும் கருவியும் மட்டும் போதா. எவரைக் காப்பதற்காக அவ்விதி எழுதப்பட்டதோ அவரை மறவாத நிருவாகமும் வேண்டும். நகரங்களின் நீண்ட வரலாறு புகட்டும் பாடம் இதுவாகும்.